கொல்லரும் பேராசிரியரும் கூடிச் செய்த காற்றாடி

ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ரோட்டின் இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கைகள்.

ஏன் மூன்று? நான்கு இருந்தால் என்ன? இரண்டு போதாதா?

பஸ்ஸில் வரும் குழந்தைகள் இந்தக் கேள்வியைக் கேட்கும். அப்பாவுக்குப் பதில் தெரியாது. "சும்மா வா" என்பார்.

கேள்வி சிறியது. ஆனால் அதற்குப் பதில் காண ஒரு நாட்டுக்கு ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின. கண்டவர் ஒருவர் அல்ல. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு மின்சாரக் கம்பெனி ஊழியர், ஒரு தச்சர், சில கொல்லர்கள், அணு ஆராய்ச்சி நிலையத்து எஞ்சினீயர்கள் சிலர். இத்தனை பேரும் சேர்ந்து கண்டார்கள்.

அந்த நாடு டென்மார்க். ஐரோப்பாவின் வடக்கே இருக்கிறது. சிறிய நாடு. சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கும் ஜனத்தொகை அந்த நாடு முழுவதிலும் இல்லை.

தொழிற்சாலையும் கல்லூரியும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று நம் நாட்டில் இன்று பேசாதவர் இல்லை. ஒப்பந்தம் போடுகிறார்கள். சால்வை போர்த்துகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உண்மையாகச் சேர்ந்து உழைத்தால் என்ன நடக்கும் என்பதை டென்மார்க்கின் கதை சொல்லும். ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வாத்தியார் செய்த சோதனை

டென்மார்க்கில் அஸ்கோவ் என்று ஒரு கிராமம். அங்கே கிராமத்து வாலிபர்களுக்கான உயர்பள்ளி ஒன்று இருந்தது. அதில் பவுல் லா கூர் என்பவர் வாத்தியார். வானிலை இலாகாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

அப்போது மின்சார விளக்கு பட்டணத்துக்கு வந்துவிட்டது. கிராமத்துக்கு வரவில்லை. "விளக்கு பட்டணத்தில் எரிந்தால், கிராமத்துப் பிள்ளைகள் அதைத் தேடிப் போய்விடுவார்கள். கிராமம் என்ன ஆவது?" என்று லா கூர் கவலைப்பட்டார்.

கிராமத்தில் நிலக்கரி இல்லை. காற்று உண்டு. 1891-ம் ஆண்டு சர்க்கார் பண உதவியோடு பள்ளிக்கூடத்தின் பக்கத்திலேயே ஒரு காற்றாலை கட்டினார். அதில் மின்சாரம் எடுத்தார்.

காற்று ஓய்ந்தால் விளக்கு அணைந்துவிடுமே? அதற்கும் ஒரு வழி கண்டார். காற்று வீசும்போது வரும் மின்சாரத்தைத் தண்ணீரில் பாய்ச்சினார். தண்ணீர் இரண்டு வாயுக்களாகப் பிரிந்தது. அந்த வாயுக்களைத் தொட்டியில் பிடித்து வைத்து, அதைக் கொண்டு பள்ளிக்கூடத்தில் விளக்கு எரித்தார். சில சமயம் வாயு வெடித்தது. பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. வாத்தியார் கண்ணாடியை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இன்று பெரிய பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொட்டி ஆராயும் "பசுமை ஹைட்ரஜன்" இதுதான்!

எந்த மாதிரி இறக்கை நல்லது என்றும் அவர் சோதித்தார். ஒரு குழாய்க்குள் காற்றை ஓட்டி, அதில் சிறு இறக்கைகளை வைத்து அளந்தார். பல இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதை விட, சில இறக்கைகள் வேகமாகச் சுற்றுவதே மேல் என்று கண்டார்.

கண்டதை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. 1904-ம் ஆண்டு முதல் கிராமத்து வாலிபர்களுக்கு மின்சார வேலையில் பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவன் 17 வயதுப் பையன். பெயர் யோஹன்னஸ் யூல்.

அரை நூற்றாண்டு ஓடியது. வாத்தியார் 1908-லேயே காலமாகிவிட்டார். மாணவன் ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். வயதான காலத்தில் பழைய பாடம் நினைவுக்கு வந்தது. 1950-ல் ஒரு சிறு காற்றாலையைச் செய்து பார்த்தார். பிறகு போகோ என்ற தீவில் இன்னொன்று. 1957-ம் ஆண்டு, தமது 70-வது வயதில், கெட்சர் என்ற கடலோர ஊரில் பெரிய காற்றாலையை நிறுத்தினார். 200 கிலோவாட் சக்தி உள்ளது.

அதற்கு மூன்று இறக்கைகள்!

குழந்தையின் கேள்விக்குப் பதில் இதுதான். இறக்கை குறையக் குறைய வேகம் கூடும், செலவும் குறையும். ஆனால் இரண்டாகக் குறைத்துவிட்டால், காற்று வரும் திசைக்கு யந்திரம் திரும்பும்போது குலுங்கும். குலுக்கலில் யந்திரம் தேய்ந்துபோகும். மூன்று இருந்தால் குலுக்கல் அடங்கும்.

கெட்சர் காற்றாலை பெரிய பழுது இல்லாமல் 10 ஆண்டு ஓடியது. 1967-ல் நிறுத்திவிட்டார்கள். காரணம், அந்தக் காலத்தில் பெட்ரோலிய எண்ணெய் மலிவு. காற்றாலை யாருக்கு வேண்டும்?

எண்ணெய் நின்றது

1973-ம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைக் குறைத்தன. விலை பல மடங்கு ஏறியது. டென்மார்க் நடுங்கியது. அந்த நாட்டுக்கு வேண்டிய எரிசக்தியில் 100-க்கு சுமார் 90 பங்கு வெளிநாட்டு எண்ணெயில் இருந்து வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று சர்க்கார் தடை போட்டது. வெறிச்சோடிய பெரிய சாலைகளில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டினார்கள்.

என்ன செய்வது? அணு மின்சார நிலையம் கட்டலாம் என்றது சர்க்கார். வேண்டாம் என்றார்கள் ஜனங்களில் ஒரு பகுதியினர்.

இந்தச் சண்டை ஒரு பக்கம் நடக்க, கிறிஸ்டியன் ரீசகர் என்ற தச்சர் தமது வீட்டிலேயே ஒரு காற்றாலை செய்துவிட்டார். கெட்சர் காற்றாலையைப் பார்த்து, அதையே சிறியதாகச் செய்தார். கடையில் கிடைத்த சாமான்கள்தான். லாரியின் பாகங்கள் கூட அதில் இருந்தன. 22 கிலோவாட் சக்தி. வீட்டு மின்சாரக் கம்பியிலேயே அதை இணைத்தார். வேலை செய்தது! அண்டை அயலார் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள்.

ட்விண்ட் என்ற இடத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து, 1975-ல் தொடங்கி 1978-ல் ஒரு ராட்சதக் காற்றாலையைக் கட்டி முடித்தார்கள். இன்னொரு ஊரில் கார்ல் எரிக் யோர்கென்சன் என்ற கொல்லரும், ஹென்ரிக் ஸ்டீஸ்டல் என்ற 21 வயது வாலிபரும் கூட்டுச் சேர்ந்து ஒன்று செய்தார்கள். அந்த மாதிரியை 1979-ல் ஒரு கம்பெனி உரிமம் வாங்கியது. அந்தக் கம்பெனி 1898-ல் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கியது. பால் குளிரூட்டும் பாத்திரமும், பாரம் தூக்கும் கிரேனும் செய்து விற்றுக்கொண்டிருந்தது. அதன் பெயர் வெஸ்டாஸ். இன்று உலகின் மிகப் பெரிய காற்றாலைக் கம்பெனிகளில் ஒன்று!

ஆனால் அவசரப்படக் கூடாது. இடையில் நடந்ததுதான் முக்கியம்.

காற்றின் குணம் ஒன்றைச் சொல்லவேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அதன் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது! மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் ஒரு பங்கு சக்தி என்று வைத்துக்கொண்டால், 40 கிலோமீட்டரில் 8 பங்கு. 80 கிலோமீட்டர் புயலில் 64 பங்கு. பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்?

ஆனது. 1970-களின் கடைசியில் புயல் காற்றில் காற்றாலைகள் தறிகெட்டுச் சுற்றி உடைந்தன. இறக்கை தூளானது. இறக்கை செய்து விற்ற எரிக் குரோவ் நீல்சன் என்பவர் விற்பனையை நிறுத்தினார். "பிரேக் உள்ள இறக்கை செய்த பிறகுதான் விற்பேன்" என்று முடிவு செய்தார். இறக்கையின் நுனி தானே திருகிக்கொண்டு காற்றைத் தடுக்கும்படி செய்தார்கள். யூல் கிழவர் 1957-லேயே கெட்சரில் செய்து வைத்திருந்த யோசனைதான் அது! நல்ல வேளையாக அந்த யந்திரத்தை யாரும் இரும்புக் கடைக்குப் போடவில்லை. பிறகு அதைப் பழுது பார்த்து, மறுபடி ஓட்டி, அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். அமெரிக்காக்காரர்களும் வந்து அந்தச் சோதனையில் பங்கெடுத்தார்கள்.

அணு நிலையத்தில் காற்று

டென்மார்க்கின் அணு ஆராய்ச்சி நிலையம் ரீசோ என்ற இடத்தில் இருந்தது. நாட்டில் அணு மின்சாரமே கடைசிவரை வரவில்லை. 1985-ல் அது வேண்டாம் என்று பார்லிமெண்டே முடிவு செய்துவிட்டது. ஆனால் ரீசோவில் நல்ல எஞ்சினீயர்கள் இருந்தார்கள். அளக்கும் கருவிகள் இருந்தன. 1978-ல் அங்கேயே சிறு காற்றாலைகளுக்கான சோதனை நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். தொடக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே அதில் இருந்தார்கள்.

மறு ஆண்டு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. காற்றாலை வாங்குகிறவருக்கு விலையில் 100-க்கு 30 பங்கைச் சர்க்கார் கொடுக்கும். ஆனால் ரீசோ சோதித்து ஒப்புக்கொண்ட காற்றாலையாக இருக்கவேண்டும்.

இந்த ஒரு நிபந்தனைதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது நமது அபிப்பிராயம்.

எப்படி? கொல்லர் தமது யந்திரத்தைச் சோதனைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். எஞ்சினீயரும் பட்டறைக்கு இறங்கி வந்தே ஆகவேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டால் போதாது. கண்ணெதிரே யந்திரம் நிற்கிறது! ஒருவர் கொண்டுவந்த யந்திரத்தில் கண்ட குறை, அடுத்தவர் கொண்டுவரும் யந்திரத்துக்குப் பாடம் ஆயிற்று. ஒரு பிரேக் போதாது, ஒன்றையொன்று நம்பாத இரண்டு பிரேக் வேண்டும் என்று விதி செய்தார்கள்.

ரீசோ எஞ்சினீயர்கள் வெறும் பரீட்சைக்காரர்களாக இருந்திருந்தால், "பெயில்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எங்கே பலவீனம், எப்படித் திருத்துவது என்று கூடவே உட்கார்ந்து சொன்னார்கள். பட்டறைக்காரர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் காற்றாலைச் சொந்தக்காரர்களும் அடிக்கடி ஓரிடத்தில் கூடிப் பேசினார்கள்.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. காற்றாலைச் சொந்தக்காரர்கள் 1978-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். காற்றாலைக்காரர்களின் மாதப் பத்திரிகை ஒன்றில் எந்தக் கம்பெனியின் யந்திரம் எத்தனை யூனிட் கொடுத்தது, எது பழுதானது என்று பட்டியல் போட்டார்கள். எல்லாம் பகிரங்கம்! வாங்க நினைக்கும் விவசாயி பத்திரிகையைப் புரட்டினால் போதும். எந்தச் சரக்கு நல்லது என்று தெரிந்துவிடும். ஏமாற்ற முடியாது.

குறையை மறைக்க முடியாதபோது, திருத்துவதைத் தவிர வேறு வழி ஏது? யந்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் பெரிதாயின, கொஞ்சம் உறுதியாயின. சர்க்கார் மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 1989-ல் நிறுத்திவிட்டது. அதற்குள் தொழில் சொந்தக் காலில் நின்றது. இடையில் அடியும் விழுந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக்கு ஏராளமாக ஏற்றுமதி செய்தார்கள். அங்கே வரிச் சலுகை முடிந்ததும் வியாபாரம் படுத்தது. 1986-ல் வெஸ்டாஸ் திவாலாகி, மறுபடி எழுந்தது.

1991-ல் உலகில் முதன்முதலாகக் கடலுக்குள் காற்றாலைப் பண்ணை அமைத்தவர்களும் அவர்களே. 2001-ம் ஆண்டு வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டென்மார்க் குடும்பங்களுக்குக் காற்றாலையில் பங்கு இருந்தது. 2023-ல் அந்த நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றில் இருந்து வந்தது.

ராட்சதன் விழுந்தான்

பக்கத்து நாடு ஜெர்மனி. எஞ்சினீயரிங்கில் உலகப் புகழ் பெற்ற நாடு. அங்கே பேராசிரியர்கள் திட்டம் போட்டார்கள். மான் என்ற பெரிய கம்பெனி செய்தது. மின்சாரக் கம்பெனிகள் கூடச் சேர்ந்தன. சர்க்கார் பணம் கொடுத்தது. 1983-ல் "குரோவியன்" என்ற காற்றாலை எழுந்தது. 3,000 கிலோவாட்! இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் அகலம் மட்டும் 100 மீட்டர். இறக்கை இரண்டே இரண்டு.

அது 1987 வரை மொத்தம் 420 மணி நேரம்தான் ஓடியது. அதாவது, நான்கு ஆண்டில் 18 நாள்! உலோகத்தில் விரிசல் கண்டது. பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

அங்கேயும் கல்லூரியும் கம்பெனியும் சேர்ந்துதானே வேலை செய்தன? பின் ஏன் தோற்றது?

ஒரே தாவலில் உச்சாணிக் கிளைக்குப் போகப் பார்த்தார்கள். செய்தது ஒன்றே ஒன்று. அதை வாங்கிப் பயன்படுத்தி, "இந்த இடத்தில் சத்தம் வருகிறது, அந்த இடத்தில் எண்ணெய் கசிகிறது" என்று சொல்ல ஒரு விவசாயி இல்லை. டென்மார்க்கில் நூற்றுக்கணக்கான சிறு யந்திரங்கள் வயல்களில் நின்றன. ஒவ்வொன்றும் தினம் ஒரு பாடம் சொல்லிற்று.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குரோவியனின் அளவு தவறல்ல, காலம்தான் தவறு. இன்று அதைவிடப் பெரிய காற்றாலைகள் சர்வசாதாரணமாக ஓடுகின்றன. டென்மார்க் சர்க்காரும் ஒன்றும் ஞானி அல்ல. அதுவும் 630 கிலோவாட்டில் இரண்டு பெரிய யந்திரங்களை நீபே என்ற இடத்தில் கட்டிப் பார்த்தது. தொழில் அதில் இருந்து பிறக்கவில்லை. தச்சரும் கொல்லரும் செய்த சிறு யந்திரத்தில் இருந்தே பிறந்தது.

கயத்தாற்றில் ஒரு ரீசோ

இந்தக் கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரான தொடர்பு உண்டு.

நம் நாட்டில் எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று ஊர் ஊராக அளக்கும் வேலைக்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி. அன்னா மாணி அம்மையார். பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த விஞ்ஞானி. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நின்றன. அடுத்து முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் நின்றன. டென்மார்க்கின் பண உதவியும் வந்தது, யந்திரமும் வந்தது.

1998-ல் மத்திய சர்க்கார் சென்னையில் காற்றாலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தியது. இன்று அதற்குத் தேசியக் காற்றுசக்தி நிறுவனம் என்று பெயர். பள்ளிக்கரணையில் இருக்கிறது. அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் அமைந்தது. ஆம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறு! அந்தச் சோதனை நிலையம் டென்மார்க் உதவியோடும், ரீசோவின் தொழில்நுட்பத்தோடும் எழுந்தது. அஸ்கோவ் வாத்தியார் தொடங்கிய பாடம் அப்படித்தான் நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்தது.

இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. பல ஆண்டுகள் இந்தியாவிலேயே முதலிடத்தில் இருந்தோம். பெருமைதான். ஆனால் நம்மிடம் யந்திரம் நிறைய வந்தது. அந்த மாதப் பத்திரிகை வரவில்லை!

எந்தக் காற்றாலை எந்த ஆண்டு எதனால் நின்றது? எந்தப் பல்சக்கரம் ஆடிக் காற்றில் உடைந்தது? செம்மண் தூசி இறக்கையை எவ்வளவு அரித்தது? இடி விழுந்து பிளந்த இறக்கைகள் எத்தனை? இவை கம்பெனிகளின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். உலகம் முழுவதும் கம்பெனிகள் இதை ரகசியமாகவே வைத்துக்கொள்கின்றன. "எங்கள் பழுதை வெளியே சொன்னால் போட்டிக்காரன் சிரிப்பானே" என்பார்கள். டென்மார்க் கம்பெனிகளின் பழுது மாதாமாதம் அச்சில் வந்தது. அவை கெட்டா போயின?

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1990-களில் நட்ட சிறு காற்றாலைகளுக்கு ஆயுள் முடிந்துவருகிறது. அவைதான் மிக நல்ல காற்று வீசும் இடங்களில் நிற்கின்றன. இறக்கையின் நீளம் இரு மடங்கானால் பிடிக்கும் காற்று நான்கு மடங்கு. ஆகவே பழையதை எடுத்துவிட்டுப் பெரியதை நடுவது சரியான காரியமே. 2024-ல் தமிழக சர்க்காரும் இதற்காக ஒரு கொள்கை வெளியிட்டது.

பிரித்த யந்திரம் எங்கே போகும்? பழைய இரும்புக் கடைக்குப் போகும். 30 ஆண்டுப் பாடமும் எடைக்குப் போய்விடும்.

கெட்சர் யந்திரத்தை டென்மார்க்காரர்கள் எடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிரிக்கும் காற்றாலைகளில் சிலவற்றை வட்டாரத்து எஞ்சினீயரிங் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் கொடுக்கச் செய்யவேண்டும். மாணவர்கள் அவற்றை அறுத்துப் பார்க்கட்டும். எங்கே தேய்ந்தது, எங்கே விரிந்தது என்று அளக்கட்டும். பழுதுப் பதிவுகளைக் கம்பெனியின் பெயரை நீக்கிவிட்டாவது கல்லூரிகளுக்குத் தரவேண்டும். மானியமோ சலுகையோ வாங்கும் கம்பெனிக்கு இதை நிபந்தனையாகவே வைக்கலாம். டென்மார்க் அப்படித்தானே வைத்தது?

இன்னொன்றும் செய்யலாம். அதற்குச் செலவே இல்லை. வள்ளியூரிலும் பணகுடியிலும் ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப்பேட்டையிலும் காற்றாலை மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கோபுரம் ஏறுகிறவர்கள். சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரம் போகப்போகிறது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, பேராசிரியருக்குச் சமமாக நாற்காலி போட்டு, பேசச் சொல்லவேண்டும். மாணவர்கள் எழுதிக்கொள்ளவேண்டும்.

1990-ல் 20 வயதில் கோபுரம் ஏறிய பையனுக்கு இப்போது 50 வயது தாண்டிவிட்டது. இன்னும் சில ஆண்டில் அவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விடுவார்.